அப்பமும் தண்ணீரும்: ஒரு வாக்குத்தத்த அட்டைக்குப் பின்னால் இருக்கும் முற்றுகை

டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்து வெளியே வருகிறவர்கள் கையில் ஆளுக்கொரு சின்ன அட்டை இருக்கும். திருவண்ணாமலையில் டேனிஷ் மிஷன் வழி வந்த லுத்தரன் சபையானாலும் சரி, தகரக் கூரை போட்ட பெந்தெகொஸ்தே ஜெபவீடானாலும் சரி, இந்த அட்டை விஷயத்தில் பெரிய பேதம் கிடையாது. தட்டில் கவிழ்த்து வைத்திருப்பார்கள். ஒன்றை எடுக்க வேண்டும். அதில் அச்சாகியிருக்கும் வசனம்தான் அந்தக் குடும்பத்துக்கு அந்த வருடத்தின் வாக்குத்தத்தம். சிலர் அதைப் பைபிளுக்குள் செருகிக்கொள்வார்கள், சிலர் கடைக் கல்லாவுக்கு மேலே ஒட்டுவார்கள், ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து மாட்டுகிறவர்களும் உண்டு.

அப்படி வரும் வசனங்களில் பிரபலமான ஒன்று ஏசாயா 33:16. ஒருவன் உயர்ந்த இடத்தில் குடியிருப்பான், பாறைக் கோட்டை அவனுக்கு அடைக்கலம், அவனுக்கு அப்பம் கிடைக்கும், தண்ணீரும் தவறாது என்பது அதன் சாரம். அட்டை சின்னது. அதனால் பல சமயம் முதல் பாதியை விட்டுவிட்டு அப்பத்தையும் தண்ணீரையும் மட்டும் போடுவார்கள். எடுத்தவருக்கு மனம் நிறைந்துவிடும். இந்த வருடம் சாப்பாட்டுக்குக் குறைவில்லை.

அந்த நிறைவை யாரும் கெடுக்க வேண்டியதில்லை. ஆனால் விடுபட்ட அந்த முதல் பாதியில்தான் விஷயமே இருக்கிறது. மேடான இடம், பாறைக் கோட்டை, அப்பம், தண்ணீர் ஆகிய நான்கையும் சேர்த்துப் பார்த்தால் அது முற்றுகையில் மாட்டிக்கொண்ட ஊரின் பேச்சு என்று புரியும். நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறவனுக்கு அப்பமும் தண்ணீரும் வாக்குத்தத்தமாக வராது. அவை கறி இல்லாத, திராட்சரசம் இல்லாத, உயிர் தங்குவதற்கான குறைந்தபட்சம்.

இன்னொன்றும் உண்டு. அதே காலத்தில் அதே ஜனங்களுக்கு வேறொருவனும் மதிலுக்கு வெளியே நின்றுகொண்டு சோறும் தண்ணீரும் தருகிறேன் என்று சொன்னான். அவன் எதிரியின் ஆள். அவன் கொடுத்த வாக்கைப் பக்கத்தில் வைத்துப் படித்தால்தான் ஏசாயா புத்தகத்து வாக்கு எதற்குப் பதில் என்று தெரியவரும்.

முற்றுகை என்றால் என்ன என்று திருவண்ணாமலைக்காரருக்கு விளக்கப் பாலஸ்தீனம் வரை போக வேண்டாம். அருணாசலேஸ்வரர் கோயில் மதிலை ஒருமுறை பக்தியைத் தள்ளிவைத்துவிட்டுப் பார்த்தால் போதும். சுமார் 25 ஏக்கரைச் சுற்றி நிற்கும் அந்தக் கருங்கல் மதில் 18ஆம் நூற்றாண்டுத் தளபதிகளின் கண்ணுக்குக் கோட்டையாகவே தெரிந்தது. 1753க்கும் 1791க்கும் நடுவே இந்த ஊர் திரும்பத் திரும்பத் தாக்கப்பட்டு, கைமாறிக்கொண்டே இருந்தது. 1767 செப்டம்பரில் கர்னல் ஜோசப் ஸ்மித்தின் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையை ஐதர் அலியும் ஐதராபாத் நிஜாமும் சேர்ந்து நெருக்கியபோது, அது செங்கம் கணவாய் வழியாகப் பின்வாங்கி இங்கேதான் வந்தது. துணைப்படை வந்து சேர்ந்த பிறகு, மாதக் கடைசியில் நடந்த சண்டையில் ஜெயித்தது. அந்த நாட்களில் ஸ்மித்துக்குப் பீரங்கியைப் போலவே அரிசியும் பெரிய கவலையாக இருந்தது.

அப்படி ஒரு வளாகத்துக்குள் ஜனங்கள் ஒடுங்கினால் முதலில் எழும் கேள்வி தண்ணீர். இந்தக் கோயிலில் ராஜகோபுரம் தாண்டியதும் சிவகங்கைத் தீர்த்தம் இருக்கிறது, அதற்கும் உள்ளே பிரம்ம தீர்த்தம் இருக்கிறது. இரண்டும் மதிலுக்குள் இருப்பவை. கி.மு. 8ஆம் நூற்றாண்டு எருசலேமுக்கு இந்தக் கொடுப்பினை இல்லை. ஊருக்கு வாய்த்த ஒரே நல்ல ஊற்றான கீகோன், கிழக்குச் சரிவின் அடியில் கிடந்தது. வருகிற படை முதலில் உட்காரப் பார்க்கும் இடமும் அதுதான்.

படை ஏன் வந்தது என்பதைச் சுருக்கமாகப் பார்க்கலாம். அப்போது அந்தப் பக்கத்துப் பேரரசு அசீரியா. இன்றைய ஈராக்கின் வடபகுதியில் அதன் மையம். கி.மு. 722 வாக்கில் சமாரியாவைப் பிடித்து வடக்கு இஸ்ரவேலை இல்லாமல் செய்திருந்தது. தெற்கே யூதா மட்டும் கப்பம் கட்டிப் பிழைத்துக்கொண்டிருந்தது. கி.மு. 705ல் அசீரிய அரசன் சார்கோன் போர்க்களத்தில் செத்ததும், அடங்கிக் கிடந்த சிற்றரசர்கள் பலர் தலைதூக்கினார்கள். அவர்களில் யூதாவின் எசேக்கியாவும் ஒருவர். கப்பம் நின்றது. சார்கோனின் மகன் சனகெரிப் முதலில் பாபிலோன் பக்கத்துக் கலகத்தை அடக்கிவிட்டு, கி.மு. 701ல் மத்தியதரைக் கடலோரமாகத் தெற்கே இறங்கினான்.

அவன் செய்ததை அவனே எழுதி வைத்திருக்கிறான். ஆறு பட்டைகள் கொண்ட களிமண் உருளை, அதில் நெருக்கமாக ஆப்பெழுத்து. 1830ல் நினிவேயில் கிடைத்த ஒரு பிரதி இன்று லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. இன்னும் இரண்டு பிரதிகள் சிகாகோவிலும் எருசலேமிலும் உள்ளன. மதில் கட்டிய 46 ஊர்களைப் பிடித்ததாகவும், 2,00,150 பேரைச் சிறைகொண்டதாகவும், எசேக்கியாவை எருசலேமுக்குள் கூண்டுப் பறவையாக அடைத்ததாகவும் அதில் சொல்கிறான். ஆள்கணக்கு அரசர்களுக்கே உரிய மிகை என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் கவனியுங்கள், எருசலேமைப் பிடித்ததாக அவன் எங்கேயும் எழுதவில்லை. பிடித்திருந்தால் எழுதாமல் விடுகிற ஆள் அல்ல.

பைபிளும் இந்தக் கதையை இரண்டு இடங்களில் சொல்கிறது: 2 இராஜாக்கள் 18, 19 அதிகாரங்களிலும், ஏசாயா 36, 37லும். எசேக்கியா முதலில் பணிந்துபோனார் என்பதை 2 இராஜாக்கள் மறைக்கவில்லை. 300 தாலந்து வெள்ளியும் 30 தாலந்து பொன்னும் கொடுத்தார். அதற்காக ஆலயக் கதவில் இருந்த பொன்னைக்கூட உரித்தெடுத்தார். அசீரியக் கணக்கிலும் பொன் 30 தாலந்துதான், வெள்ளி மட்டும் 800 ஆகியிருக்கிறது. பகைவர்கள் இருவர் தனித்தனியாக எழுதிய கணக்கில் ஒரு வரவு இவ்வளவு சரியாக ஒத்துப்போவது பண்டைய வரலாற்றில் அடிக்கடி நடப்பதில்லை. பணம் வாங்கிக்கொண்ட பிறகும் படை வந்தது. சமாதானம் பேசப் போனவர்கள் அழுதுகொண்டு திரும்பியதையும், ஒப்பந்தம் முறிந்ததையும், சாலைகளில் ஆள் நடமாட்டம் அற்றுப்போனதையும் ஏசாயா 33ன் முற்பகுதி பேசுகிறது. நம் அட்டை வசனத்துக்குச் சரியாக எட்டு ஒன்பது வசனங்கள் மேலே இருக்கிறது அந்த அழுகை.

இப்போது மதிலடிக்கு வரலாம்.

சனகெரிப் யூதாவின் லாகீஸ் ஊரில் இருந்தபடி ரப்சாக்கே என்ற அதிகாரியைப் பெரும்படையோடு எருசலேமுக்கு அனுப்புகிறான். அவன் வந்து நின்ற இடத்தை ஏசாயா 36 குறித்து வைத்திருக்கிறது: மேல்குளத்துச் சாலகத்துக்குப் பக்கம், வண்ணார் துறைக்குப் போகிற பாதை. தண்ணீர் ஓடும் வாய்க்காலைக் காலடியில் வைத்துக்கொண்டுதான் பேச ஆரம்பிக்கிறான். எலியாக்கீம், செப்னா, யோவாக் என்று அரண்மனை அதிகாரிகள் மூவர் அவனைப் பார்க்கப் போகிறார்கள். மதில்மேல் ஜனங்கள் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

அவன் யூதர் மொழியிலேயே பேசுகிறான். அதிகாரிகளுக்குப் பகீர் என்கிறது. தயவுசெய்து சீரிய பாஷையில் பேசுங்கள், எங்களுக்குப் புரியும், மதில்மேல் இருக்கிறவர்கள் கேட்கும்படி பேசாதீர்கள் என்று கெஞ்சுகிறார்கள். மதில்மேல் இருக்கிறவர்களுக்குத்தான் பேசவே வந்தேன் என்கிற தோரணையில் அவன் குரலை இன்னும் உயர்த்துகிறான். உங்களோடு சேர்ந்து அவர்களும் தங்கள் கழிவையே தின்று குடிக்கும் நிலை வரும் என்று முதலில் மிரட்டுகிறான். பிரசங்கத்தில் பெரும்பாலும் தாண்டிப்போகும் வசனம் அது. பிறகு குரல் கனிகிறது. எசேக்கியாவை நம்பாதீர்கள், என்னோடு சமாதானமாகி வெளியே வாருங்கள், அவனவன் தன் திராட்சைப் பழத்தையும் அத்திப் பழத்தையும் சாப்பிட்டு, தன் கிணற்றுத் தண்ணீரையே குடிக்கலாம் என்கிறான்.

அந்தப் பேச்சு சாமர்த்தியமானது. பொன் தருகிறேன், பதவி தருகிறேன் என்று அவன் சொல்லவில்லை. முற்றுகையில் இருக்கிறவன் இரவில் எதை நினைத்துப் புரளுவானோ அதைச் சொல்கிறான்: சொந்தத் தோட்டம், சொந்தக் கிணறு. அதற்கு அடுத்த வாக்கியத்தில்தான் நிபந்தனை வருகிறது. நான் வந்து உங்களை உங்கள் தேசத்தைப் போன்ற வேறு தேசத்துக்குக் கொண்டுபோகும்வரைக்கும் என்கிறான். அங்கேயும் தானியமும் திராட்சரசமும் அப்பமும் உண்டாம். நாடுகடத்தலை இதைவிட இதமாகச் சொல்லிவிட முடியாது.

அந்த நிபந்தனை நடைமுறையில் எப்படி இருந்தது என்பதற்குப் படமே இருக்கிறது. லாகீஸ் விழுந்ததை சனகெரிப் நினிவேயில் தன் அரண்மனைச் சுவர் முழுக்கப் புடைப்புச் சிற்பமாகச் செதுக்கிக்கொண்டான். 1840களில் ஆஸ்டின் ஹென்றி லேயர்ட் தோண்டியெடுத்த அந்தக் கற்பலகைகளும் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. ஒரு பக்கம் மண்மேட்டின்மேல் ஏறும் முற்றுகை எந்திரங்கள், கழுவேற்றப்பட்டவர்கள். இன்னொரு பக்கம் மாட்டுவண்டியில் மூட்டை முடிச்சுகளை ஏற்றி, அதன்மேல் பிள்ளைகளையும் பெண்களையும் உட்காரவைத்து, மாட்டை ஓட்டிக்கொண்டு ஊரைவிட்டுப் போகும் குடும்பங்கள். அவர்களைத்தான் உங்கள் தேசத்தைப் போன்ற தேசத்துக்கு அனுப்பினார்கள்.

ஆக, எருசலேம் மதில்மேல் இருந்தவனுக்கு முன்னால் இரண்டு வாக்குகள் இருந்தன. வெளியே வா, சாப்பாடு நான் தருகிறேன் என்பது ஒன்று. உள்ளேயே இரு, சாப்பாடு கர்த்தர் தருவார் என்பது இன்னொன்று. இரண்டிலும் உணவு உண்டு, தண்ணீர் உண்டு. முதலாவது சுவையானது, பழம் சேர்ந்தது, கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது. இரண்டாவதில் வெறும் அப்பமும் தண்ணீரும்தான். யார் கையால் சாப்பிடுவது, சாப்பிட்ட பிறகு யாருக்குச் சொந்தமாவது என்பதில்தான் வித்தியாசம். இதைக் கவனிக்காமல் 33:16ஐப் படித்தால் மளிகைப் பட்டியல்தான் மிஞ்சும்.

கர்த்தர் தருவார் என்று சொல்லிவிட்டு எசேக்கியா கையைக் கட்டிக்கொண்டு இருந்தாரா என்றால், இல்லை. ஊருக்கு வெளியே இருந்த ஊற்றுகளைத் தூர்க்கச் சொன்னார், அசீரிய ராஜா வந்தால் தாராளமாகத் தண்ணீர் கிடைப்பானேன் என்பது அவர் ஆட்கள் கேட்ட கேள்வி என்று 2 நாளாகமம் 32 சொல்கிறது. கீகோன் தண்ணீரைப் பாறைக்கு அடியில் குடைந்து ஊருக்குள் கொண்டுவந்தார். அந்தச் சுரங்கம் இன்றும் இருக்கிறது, இன்றும் தண்ணீர் ஓடுகிறது, முழங்கால் நனைய நடந்துபோகலாம். நீளம் 533 மீட்டர். நேர்கோடு கிடையாது, வளைந்து வளைந்து போகிறது. தொடக்கத்துக்கும் முடிவுக்கும் மட்ட வித்தியாசம் சுமார் 30 சென்டிமீட்டர்தான்.

இரும்புக் கருவியும் எண்ணெய் விளக்கும் வைத்துக்கொண்டு இரண்டு முனையிலிருந்தும் ஒரே நேரத்தில் வெட்டியிருக்கிறார்கள். 1880ல், தண்ணீர் வந்து சேரும் சீலோவாம் குளத்துப் பக்க முனைக்கு அருகே சுவரில் ஒரு கல்வெட்டு கண்ணில் பட்டது. அதில் ராஜாவின் பெயர் இல்லை, தெய்வத்தின் பெயரும் இல்லை. வெட்டியவர்களின் கடைசி நாள் வேலை மட்டும் இருக்கிறது: இன்னும் மூன்று முழம் மிச்சம் இருக்கும்போது பாறைக்கு அந்தப் பக்கம் ஆள் கூப்பிடும் குரல் கேட்டதாம். பிறகு கோடரிக்கு எதிர்க்கோடரி மோத, தண்ணீர் 1,200 முழம் ஓடியதாம். அந்தக் கல் இப்போது இஸ்தான்புல் தொல்பொருள் மியூசியத்தில் இருக்கிறது. சுரங்கம் எசேக்கியா காலத்ததுதானா என்று சில ஆய்வாளர்கள் சந்தேகம் எழுப்பியதுண்டு. சுரங்கத்துப் பூச்சில் சிக்கிய தாவரத் துணுக்குகளையும் சுண்ணாம்புப் படிவையும் கதிரியக்க முறையில் சோதித்து 2003ல் வெளிவந்த முடிவு, கி.மு. 700ஐ ஒட்டிய காலத்துக்கே பொருந்தியது.

தண்ணீருக்குச் சுரங்கம் என்றால் உணவுக்கு ஜாடிகள். நான்கு கைப்பிடி வைத்த பெரிய மண்ஜாடி, சுமார் 45 லிட்டர் கொள்ளும். கைப்பிடியில் ராஜாவுக்குரியது என்ற முத்திரை, அதோடு எப்ரோன், சோக்கோ, சீப் போன்ற ஊர்ப் பெயர்களில் ஒன்று. யூதா முழுக்கத் தோண்டியதில் இந்த முத்திரை பதிந்த கைப்பிடிகள் 2,000க்கும் மேல் கிடைத்திருக்கின்றன. சனகெரிப் எரித்த லாகீசின் சாம்பல் அடுக்கிலேயே அவை ஏராளமாகக் கிடந்ததால் காலத்தைப் பற்றிப் பெரிய தகராறு இல்லை. எண்ணெயும் திராட்சரசமும் சேமித்து ஊர் ஊராக அனுப்பிய அரசாங்க ஏற்பாடு இது.

மதிலும் சும்மா எழும்பவில்லை. எருசலேமின் யூதர் பகுதியில் 1970களில் நாகமான் அவிகாத் தோண்டியபோது சுமார் 7 மீட்டர் கனமுள்ள ஒரு மதில் வெளிப்பட்டது. அது குடியிருந்த வீடுகளைப் பிளந்துகொண்டு போகிறது. வீடுகளை எண்ணி, மதிலைப் பலப்படுத்த அவற்றை இடித்தீர்கள் என்று ஏசாயா 22ல் ஒரு வசனம் இருக்கிறது. யாரோ ஒரு குடும்பத்தின் சுவர் அறுபட்டு நிற்பதை இன்று எருசலேம் போகிறவர்கள் கம்பிவேலி ஓரத்தில் நின்று பார்க்கலாம்.

அந்த 22ஆம் அதிகாரம் வாக்குத்தத்த அட்டைகளில் அவ்வளவாகத் தலைகாட்டாது. தண்ணீரைத் தேக்கினீர்கள், வீடுகளை இடித்தீர்கள், இரண்டு மதிலுக்கும் நடுவே குளம் வெட்டினீர்கள், ஆனால் இதையெல்லாம் உண்டாக்கினவரைத் திரும்பிப் பார்க்கவில்லை என்று ஏசாயா தீர்க்கதரிசி கோபப்படுகிறார். குளம் வெட்டியதே தப்பு என்று சிலர் இதைப் பிரசங்கிக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வெட்டிய குளத்தைக் காட்டி, ஊரே அழ வேண்டிய நேரத்தில் ஆடு மாடு அடித்து விருந்து வைத்ததுதான் அவருக்குப் பொறுக்கவில்லை என்பது அடுத்த வசனங்களைப் படித்தால் தெரியும். சுரங்கம் வெட்டியவனும் தண்ணீர் கர்த்தர் தந்தது என்று சொல்லலாம். பைபிளுக்கு இதில் முரண்பாடு எதுவும் தெரியவில்லை.

ஏசாயா 37:30ல் எசேக்கியாவுக்கு ஓர் அடையாளம் கொடுக்கப்படுகிறது. உணவைப் பற்றிய தீர்க்கதரிசனங்களில் இதைவிட நிதானமான ஒன்றை நான் படித்ததில்லை. இந்த வருடம் தானாக விளைகிறதைச் சாப்பிடுவீர்கள், அடுத்த வருடமும் அதிலிருந்து தானாக முளைக்கிறதையே சாப்பிடுவீர்கள், மூன்றாம் வருடம் விதைத்து, அறுத்து, திராட்சைத் தோட்டம் வைப்பீர்கள் என்பது அதன் கருத்து. மன்னா விழும் என்றோ, எதிரியின் பாளயத்தில் மூட்டை மூட்டையாகத் தானியம் கிடைக்கும் என்றோ இங்கே பேச்சில்லை.

திருவண்ணாமலைப் பக்கத்து மானாவாரிக் கொல்லைகளில் மல்லாட்டை (நிலக்கடலை) பிடுங்கிய பிறகும் மண்ணுக்குள் கொஞ்சம் காய் தங்கிவிடும். அடுத்த மழைக்கு அது அங்கங்கே தானாக முளைக்கும். அதை யாரும் மகசூல் என்று கணக்கு வைப்பதில்லை. பிள்ளைகள் பொறுக்குவார்கள், ஆடு மேயும். அந்த முளைப்பை நம்பி ஒரு நாடு இரண்டு வருடம் சாப்பிட வேண்டும் என்று நினைத்துப் பாருங்கள், 37:30ன் எடை தெரியும்.

அங்கத்து விவசாயப் பஞ்சாங்கத்தைப் பார்த்தால் காரணமும் புரியும். யூதாவில் அக்டோபர், நவம்பரில் முன்மழை விழுந்ததும் வாற்கோதுமையும் கோதுமையும் விதைப்பார்கள். ஏப்ரலில் வாற்கோதுமை, மே, ஜூனில் கோதுமை அறுப்பு. படையெடுப்புக் காலமும் கோடைதான். வந்த படை நின்ற பயிரைத் தின்னும், மிச்சத்தைக் கொளுத்தும். விதைநெல் போல எடுத்து வைத்ததும் போய்விடும். உழவு மாடும், ஏர் பிடிக்கிற ஆளும் லாகீஸ் சிற்பத்தில் பார்த்த மாதிரி வண்டியோடு போயாயிற்று. எதிரி திரும்பிப்போன மறுநாளே நிலம் பழைய நிலைக்கு வராது. ஊர் ஒரே ராத்திரியில் தப்பிக்கலாம், வயிறு நிறைய மூன்றாம் வருடம் ஆகும் என்று அந்த அடையாளம் தெளிவாகவே சொல்லிவிட்டது.

மறுபடி 33க்கு வருவோம். அட்டையில் விடுபடுவது 16ன் முதல் பாதி மட்டுமல்ல, 15ம்தான். 14ல் சீயோனில் இருக்கிற பாவிகளுக்கு நடுக்கம் பிடிக்கிறது, பட்சிக்கிற அக்கினிக்கு முன்னால் யார் தங்குவது என்று கேட்கிறார்கள். 15 அதற்குப் பதில். நீதியாக நடக்கிறவன், நேர்மையாகப் பேசுகிறவன், பிறரை ஒடுக்கி வருகிற லாபத்தை வெறுக்கிறவன், லஞ்சத்தைத் தொடாமல் கையை உதறுகிறவன், கொலைப் பேச்சுக்குக் காதை அடைத்துக்கொள்கிறவன், தீமையைப் பார்க்கக் கண்ணை மூடிக்கொள்கிறவன். அவனுக்குத்தான் அப்பமும் தண்ணீரும்.

ஒடுக்கி வரும் லாபம் என்பதை முற்றுகை ஊரில் வைத்துப் படியுங்கள். ஒரு நூற்றாண்டுக்கு மேல் முன்னால் சமாரியா முற்றுகையிடப்பட்டபோது கழுதைத் தலை ஒன்று 80 வெள்ளிக்காசுக்கு விற்றதை 2 இராஜாக்கள் 6 பதிவு செய்திருக்கிறது. கழுதைத் தலையை அந்த விலைக்கு வாங்கியவன் பாவம். விற்றவன் ஒருவனும் அந்த ஊரில் இருந்தானே. பஞ்சத்தில் பதுக்குகிறவன், மதிலுக்குள் யாரை விடுவது யாரைத் தள்ளுவது என்று காசு பார்க்கிறவன், எதிரியோடு ரகசியமாகப் பேரம் பேசுகிறவன் எல்லாம் முற்றுகையில் சகஜம். 15ஆம் வசனத்தின் பட்டியல் அவர்களைத்தான் குறிவைக்கிறது என்று நான் படிக்கிறேன். இருக்கிற தானியம் நியாயமாகப் பங்கிடப்பட்டால்தான் அப்பம் எல்லாருக்கும் கிடைக்கும்.

அறிஞர்களிடையே இந்த அதிகாரத்தைப் பற்றி ஒரு பழைய வழக்கு உண்டு. ஜெர்மானியரான ஹெர்மன் குங்கெல் 1924ல், 33ஆம் அதிகாரம் ஆலய வழிபாட்டில் மாறி மாறிச் சொல்லும் ஜெபப் பாடல் வடிவத்தில் இருக்கிறது என்று எழுதினார். அதைத் தொடர்ந்து பலர் இது ஏசாயாவுக்கு வெகு பின்னால், பாபிலோன் சிறையிருப்புக் காலத்தையும் தாண்டி எழுதப்பட்டிருக்கலாம் என்கிறார்கள். மரபாகப் படிக்கிறவர்கள் 701லேயே வைக்கிறார்கள். முறிந்த ஒப்பந்தம், கப்பத்தை நிறுத்துப் பார்த்த கணக்கன், கோபுரங்களை எண்ணினவன், புரியாத பாஷை பேசும் ஜனம் என்று வரும் விவரங்கள் சனகெரிப் காலத்துக்கு நன்றாகவே ஒட்டுகின்றன. பின்னால் எழுதப்பட்டது என்றே வைத்துக்கொண்டாலும், எழுதியவர் அந்த முற்றுகையை மனதில் வைத்துத்தான் எழுதினார் என்று சொல்ல இது போதும்.

முற்றுகை எப்படி முடிந்தது? கர்த்தருடைய தூதன் அசீரியப் பாளயத்தில் 1,85,000 பேரைச் சங்கரித்தான் என்கிறது பைபிள். எசேக்கியா கப்பத்தை நினிவேக்கே அனுப்பிவைத்தான் என்கிறது சனகெரிப்பின் உருளை. எலிகள் வில் நாணைக் கடித்ததால் சனகெரிப்பின் படை எகிப்து எல்லையில் தோற்றது என்று ஹெரோடோட்டஸ் ஒரு கதை கேட்டு எழுதியிருக்கிறார். மூன்றையும் ஒன்றாக்க முயன்ற புத்தகங்கள் ஏராளம், எனக்கு அதில் ஆர்வமில்லை. எருசலேம் நின்றது, சனகெரிப் திரும்பிப்போனான். பைபிளும் உருளையும் சேர்ந்து காட்டுவது அவ்வளவுதான்.

ஆனால் லாகீஸ் நிற்கவில்லை. மற்ற 45 ஊர்களும் நிற்கவில்லை. அங்கேயும் லஞ்சம் வாங்காதவர்கள் இருந்திருப்பார்கள். லாகீசுக்குப் பக்கத்து மொரேசா ஊர்க்காரரான மீகா தீர்க்கதரிசி அதே காலத்தவர்தான். அவர் புத்தகத்தின் முதல் அதிகாரத்தின் பிற்பகுதி அந்தச் சுற்றுவட்டார ஊர்களின் பெயர்களை வரிசையாகச் சொல்லி ஒப்பாரி வைக்கிறது. ஏசாயாவின் வாக்கை மட்டும் படித்து மீகாவின் ஒப்பாரியை விட்டுவிட்டால், வாக்குத்தத்தம் ஏதோ எல்லா வீட்டுக்கும் ஒரே மாதிரி வரும் ரேஷன் என்று தோன்றிவிடும்.

இந்தத் தவறான படிப்புக்கு எருசலேமே பிற்பாடு பெரிய விலை கொடுத்தது. 701ல் நகரம் தப்பியதை அடுத்தடுத்த தலைமுறைகள் ஒரு சாசனமாக்கிக்கொண்டன: கர்த்தரின் ஆலயம் இங்கே இருக்கிறது, இந்த ஊர் விழாது. ஏறக்குறைய நூறு வருடம் கழித்து எரேமியா ஆலய வாசலில் நின்று, ஆலயம் ஆலயம் என்று சொல்லும் பொய்யை நம்பாதீர்கள், பரதேசியையும் விதவையையும் திக்கற்றவனையும் ஒடுக்காமல் இருங்கள் என்று கத்த வேண்டியிருந்தது. ஏசாயா 33:15 சொன்னதைத்தான் அவர் வேறு வார்த்தையில் சொன்னார். அவரைக் கொல்லப் பார்த்தார்கள். அப்போது சில பெரியவர்கள் எழுந்து, எசேக்கியா நாளில் மீகாவும் இப்படித்தான் பேசினார், ராஜா அவரைக் கொன்றாரா என்று கேட்டதாக எரேமியா 26ல் இருக்கிறது. கி.மு. 588ல் தொடங்கிய பாபிலோனிய முற்றுகையில் அதே மதில், அதே சுரங்கத் தண்ணீர், அதே பழைய வாக்கு எல்லாமே இருந்தன. கடைசியில் ஜனங்களுக்கு அப்பம் இல்லாமல் போயிற்று என்று 2 இராஜாக்கள் 25 சொல்கிறது. நகரம் விழுந்தது.

இந்த வருடம் உங்களுக்கு அந்த அட்டை வந்திருந்தால், அதைக் கல்லாவுக்கு மேலேயே ஒட்டுங்கள், தப்பில்லை. கூடவே இந்த வரிசையில் படித்துப் பார்க்கலாம்: முதலில் கப்பம் கட்டிய கதைக்கு 2 இராஜாக்கள் 18, ரப்சாக்கேயின் பேச்சுக்கு ஏசாயா 36, மூன்று வருட அடையாளத்துக்கு 37, இடிந்த வீடுகளுக்கு 22. 33ஐ அதற்குப் பிறகு எடுங்கள், முதல் வசனத்திலிருந்து. அதோடு நிறுத்தாமல் எரேமியா 37ன் கடைசி வசனத்தையும் பார்த்துவிடுங்கள். பாபிலோன் முற்றுகைக்குள், காவற்சாலை முற்றத்தில் அடைபட்ட எரேமியாவுக்கு, அப்பக்காரர் தெருவிலிருந்து தினம் ஒரு அப்பம் கொடுக்கும்படி சிதேக்கியா ராஜா உத்தரவு போட்டார். நகரத்தில் அப்பம் தீரும்வரை அது அவருக்கு வந்துகொண்டிருந்தது.